மூன்றாம் வகுப்பும் முந்நூறு ரூபாயும்

விழுப்புரத்திலிருந்து கிழக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை கோலியனூர் கூட்டுச் சாலையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை வளவனூர் வழியாகப் புதுவையை நாடிச் செல்ல, மற்றொன்று தெற்கே திரும்பிப் பண்ருட்டிப் பக்கம் போகின்றது. இவ்விரு சாலைகளின் ஓரங்களிலும், வயல்களினூடே செல்லும் வண்டிப் பாதைகளிலும் மோட்டார்க் கொட்டகைகளுக்குக் குறைவில்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் மணிலாவுக்கும் நீர் இறைத்துத் தருபவை அவையே. ஏற்றமும் கவலையும் நம் பாட்டனார் காலத்தோடு விடைபெற்றுக்கொண்டன. கொட்டகைக்குள் நுழைந்து, மோட்டாரின்மேல் அறைந்துள்ள தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் படித்துப் பார்த்தால், பலவற்றில் காணப்படும் ஊர்ப்பெயர் கோயமுத்தூர் என்பதாகவே இருக்கும்.

கோவைக்குத் துறைமுகம் இல்லை, இரும்புச் சுரங்கம் இல்லை, நிலக்கரியும் இல்லை. அப்படியிருக்க, பெண்ணையாற்றுப் பக்கத்து நிலத்திற்கு நீர் இறைக்கும் எந்திரம் நொய்யலாற்றங்கரை ஊரிலிருந்து வருவானேன்? அங்கே பஞ்சாலைகள் இருந்தன. 1930களின் முற்பகுதியில் நீலமலையின் பைக்காரா அருவியிலிருந்து மின்சாரமும் வந்து சேர்ந்தது. ஆனால் பஞ்சும் மின்சாரமும் தாமாகவே மோட்டாராக மாறிவிடுவதில்லை. மோட்டாரைச் சீமையிலிருந்து வரவழைத்துக்கொண்டிருப்பதை விட்டு, நம் ஊர்ப் பட்டறையிலேயே அதைச் செய்து பார்ப்போம் எனத் துணிந்த மனிதர் சிலர் அங்கே இருந்தனர். அவர்களுள் முன்னிற்பவர் ஜி. டி. நாயுடு எனப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு ஆவார்.

நாயுடு அவர்களைப் பற்றிக் கதைகள் ஏராளம். தமிழ்நாட்டின் எடிசன் என்றும், அதிசய மனிதர் என்றும் அவரைப் புகழாதார் இல்லை. புகழ் மிகுந்த இடத்தில் கதைகளும் மிகுவது இயல்பு. ஒருவர் சொன்னதை மற்றொருவர் பெருக்கி எழுத, எது நடந்தது, எது நடந்திருக்கலாம் என்று பிரித்தறிவது வரவரக் கடினமாகிவிட்டது. ஆகவே இத்திங்கள் இப்பகுதியில், வியப்புக் கதைகளைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு வினாவின் பொருட்டு அவர் வாழ்வைப் பார்க்க விரும்புகிறோம். ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள ஒருவனுக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும்? இந்த வினாவிற்காகவே அவர் ஒரு பதவியையும் துறந்தார். வீட்டில் பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே சேர்ப்பது என்று கலங்கி நிற்கும் பெற்றோருக்கு இவ்வினா புதிதன்று.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893 மார்ச் 23-ஆம் நாள், உழவர் குடும்பமொன்றில் நாயுடு பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய பையன் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மூன்றாம் வகுப்போடு பள்ளி வாழ்வு முற்றுப்பெற்றது. ஆனால் பள்ளியை விட்டவர் படிப்பை விட்டுவிடவில்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்க வேண்டும். தோட்டத்தில் காவல் இருந்த நாட்களிலும் கையில் கிடைத்த தமிழ் நூல்களை அவர் விடாமல் படித்தார். இந்தப் பாதியை மறைத்துவிட்டு, நாயுடுவே மூன்றாம் வகுப்புத்தானே என்று சொல்லித் திரியும் பிள்ளைகளுக்கு அவரைச் சான்று காட்டும் உரிமை இல்லை!

இளமையில் ஒருநாள், வெள்ளைக்கார வருவாய்த் துறை அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் அவ்வண்டியைக் கண்ட அன்று தொடங்கிய ஆவல் பின்னர் அவரை விடவேயில்லை. அது போன்ற வண்டி ஒன்று தமக்கும் வேண்டும். கையிலோ காசில்லை. கோவை நகரை அடைந்து, உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை முந்நூறு ரூபாய். அதனைக் கொடுத்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார் என்பது வரலாறு.

வாங்கியவர் ஏறிச் சவாரி செய்து மகிழ்ந்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவர் வண்டியைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டார். மீண்டும் பூட்டினார். எந்த உறுப்பு எதை இயக்குகின்றது, எது நின்றால் எது நின்றுவிடும் என்பதைத் தம் கைகளாலேயே அறிந்துகொண்டார். அதுவே அவருடைய கல்லூரி. பிற்காலத்தில் தொழிற்கல்வி பற்றி அவர் கொண்ட பிடிவாதமான கருத்துகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கின்றது என்பது எம் எண்ணம். எந்திரம் கைக்கு அகப்பட்டால் மனிதனுக்கு அது விரைவில் விளங்கும்; புத்தகத்தில் மட்டும் இருந்தால் ஆண்டுகள் ஆகும் என்று அவர் நம்பினார். தமக்கு நேர்ந்தது எல்லாருக்கும் நேரும் என்று எண்ணுவது பெருந்திறமை வாய்ந்தோரிடம் காணப்படும் இயல்பு. அது நிறையா குறையா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கி நல்ல பணம் சேர்த்தார். அந்தத் துணிவில் பம்பாய்க்குச் சென்று பஞ்சு வாணிகம் செய்து, சேர்த்ததை இழந்து திரும்பினார். இதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கைகளால் அறிந்த தொழிலில் தோற்காதவர், கண்ணால் காணாத சந்தையில் தோற்றார் என்பதோடு அமைவோம்.

மீண்டும் வெறுங்கையராக நின்றவருக்குக் கைகொடுத்தவர் கோவைப் பஞ்சாலைத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவருடைய உதவியால் கடனுக்கு ஒரு பேருந்து கிடைத்தது. 1920-ஆம் ஆண்டு, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அதனை ஓட்டலானார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. நாளடைவில் அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்து, 200க்கு மேற்பட்ட பேருந்துகளை இயக்கிற்று. குறித்த நேரத்திற்கு வண்டி புறப்பட வேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு கொங்கு நாட்டில் இன்றளவும் பேசப்படுகின்றது. விழுப்புரமோ அரசுப் போக்குவரத்துக் கழகமொன்றின் தலைமையிடம். பேருந்தின் நேரம் தவறினால் ஒரு குடும்பத்தின் அன்றாடம் எப்படிக் குலையும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பேருந்து ஓடினால் பழுதாகும். பழுதானால் பட்டறை வேண்டும். பட்டறை இருந்தால் உதிரி உறுப்புகளைச் செய்யத் தோன்றும். ஒரு தொழில் மற்றொன்றைப் பெற்றெடுப்பது இப்படித்தான். பேருந்துத் தொழிலிலிருந்து நாயுடுவின் பட்டறைகள் பிறந்தன. வெளிநாடுகளுக்குப் பலமுறை பிரயாணம் செய்தார். போன இடமெல்லாம் கையில் படக்கருவியோடு சென்றார். 1936-இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தையும் படம் பிடித்தார். செருமானிய ஆலைகளைக் கண்டு, அங்கே நடப்பதில் எது நம் ஊரில் முடியும் என்று கணக்கிட்டுக்கொண்டே திரும்பினார். உலர் மின்கலத்தால் இயங்கும் முகச்சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குகளைப் பதிவு செய்யும் எந்திரம் என அவர் உருவாக்கியவற்றின் பட்டியல் நீளும். 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்திற்குச் சென்று உரிமக் கட்டணம் செலுத்தி வந்த காலத்தை நினைவில் கொண்டுள்ள முதியோர், அந்நாளில் வானொலி எத்தகைய அரும்பொருளாய் இருந்தது என்பதை இளையோருக்கு எடுத்துச் சொல்லட்டும்.

இவையெல்லாம் கண்காட்சிக்கு அழகு சேர்ப்பவை. நம் வயலுக்கு வந்து சேர்ந்ததோ வேறு. 1937-இல் நாயுடுவும் த. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில் மின்மோட்டார் ஒன்றைச் செய்து முடித்தனர். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் அதுவென்று கூறப்படுகின்றது. பாலசுந்தரம் அவர்கள் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் புகழ்பெற்ற எந்திர ஆலையை நிறுவினார்.

மின்மோட்டாரின் உள்ளமைப்பை அறிந்தோர் அதன் எளிமையைக் கண்டு வியப்பர். வெளியே அசையாத இரும்பு வளையம், அதன் பள்ளங்களில் செம்புக் கம்பிச் சுருள்கள், நடுவே சுழலும் உருளை, இருபுறமும் பேரிங். கம்பியில் மின்சாரம் பாயும்போது எழும் காந்தப்புலம் சுழல, அதன் பின்னே உருளையும் இழுபட்டுச் சுழல்கின்றது. அவ்வளவே. ஆனால் சுருளின் கணக்குத் தவறினால் மோட்டார் சூடேறி எரியும். உருளைக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி மயிரிழை பிசகினால் உரசும். வார்ப்பு, கடைசல், காயில் கட்டுதல் என்னும் மூன்று கைத்திறன்களும் ஒரே ஊரில் கூடினாலன்றி மோட்டார் பிறவாது. அவை கோவையில் கூடின. ஒரு பட்டறையில் தொழில் கற்றவன் வெளியே வந்து தனக்கென்று ஒரு பட்டறை வைத்தான். அவனிடம் கற்றவன் அடுத்த தெருவில் வைத்தான். நாட்டின் நீரிறைக்கும் எந்திரங்களில் பெரும் பங்கைச் செய்யும் ஊராகக் கோவை ஆனது இப்படித்தான். இதில் பல குடும்பங்களுக்கும் பல நிறுவனங்களுக்கும் பங்குண்டு. எல்லாம் ஒருவர் செயல் என்று சொல்வது மற்றவர்க்குச் செய்யும் அநீதியாகும். எனினும் வெளிநாட்டார் செய்வதை நாமும் செய்யலாம் என்ற அச்சமின்மையை அவ்வூருக்கு ஊட்டியதில் நாயுடுவின் பங்கு பெரிது.

மோட்டார்க் கொட்டகையின் மூலையில் மற்றொரு பொருளும் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். அது உர மூட்டை. அதற்குப் பின்னும் ஒரு பொறியாளரின் வாழ்வு உண்டு. அவரை நாயுடுவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நம் கதையின் பிற்பகுதி தெளிவாகும். அவர் பெயர் சாம் ஐடே, நார்வே நாட்டினர், 1866-இல் பிறந்தவர், பெர்லினில் முறையாகப் பொறியியல் பயின்றவர். மலைகளும் அருவிகளும் நிறைந்த தம் நாட்டின் நீர்வீழ்ச்சிகள் மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது. 1903-இல் விருந்து ஒன்றில் கிறிஸ்டியன் பிர்க்கலாண்ட் என்னும் இயற்பியல் பேராசிரியரைச் சந்தித்தார். வலிய மின்பொறியினூடே காற்றைச் செலுத்தினால் அதிலுள்ள நைட்ரஜன் தனித்து நில்லாமல் ஆக்சிஜனோடு கூடும். அதிலிருந்து அமிலமும், அமிலத்தையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்தால் உரமும் கிடைக்கும். பேராசிரியரிடம் வழி இருந்தது. ஐடேயிடம் அருவி இருந்தது. சுவீடன் நாட்டு வங்கியாளர்களும் பாரிசு நகர வங்கியாளர்களும் முதல் போட, 1905-இல் நோர்ஸ்க் ஹைட்ரோ என்னும் நிறுவனம் பிறந்தது. 1911-இல் வேமோர்க் என்னுமிடத்தில் அவர்கள் எழுப்பிய மின்நிலையம் அந்நாளில் உலகிலேயே பெரியது.

அந்நாட்டு அரசு இதனைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அருவிகள் அயலார் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, 1906 முதலே சட்டங்களை இயற்றிற்று. குறித்த காலம் முடிந்தபின் அருவி அரசுக்கே திரும்ப வேண்டும் என்றும் விதித்தது. கட்டுப்பாடு இருந்தது, வேலையும் நடந்தது. ஐடேயின் மின்பொறி முறை மின்சாரத்தை மிகுதியாக விழுங்குவதாயிருந்தபடியால், 1920களின் இறுதியில் செருமானியர் கண்ட வேறொரு முறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவரோ 1917-லேயே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, பின்னர்ப் போலந்து நாட்டில் தம் நாட்டின் தூதராகவும் இருந்து, 1940-இல் மறைந்தார். முறை மறைந்தது, மனிதர் மறைந்தார், நிறுவனமோ நிலைத்தது. அதன் உரப் பிரிவு 2004-இல் யாரா என்னும் பெயரில் தனி நிறுவனமாகி, 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் பாப்ராலாவிலுள்ள யூரியா ஆலையைத் தன் வசமாக்கிக்கொண்டது.

இனி நாயுடுவிடம் திரும்புவோம். நாடு விடுதலை பெற்றபின், 1951-இல் தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. குறிப்பிட்ட தொழில்களைத் தொடங்க வேண்டுமானால் தில்லியின் உரிமம் வேண்டும். 1952-இல் நாயுடு இருவர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்க்கு மேற்படாது என்றார். உரிமம் கிடைக்கவில்லை, கார் பட்டறைக் கதவைத் தாண்டவில்லை. சிறிய குடும்பத்துக்கான கார் என்று நாடு கொண்டாடிய மாருதி 1983 டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. ஒரு இலட்சம் ரூபாய்க் கார் என்று பேசப்பட்ட நானோ 2009-இல் வந்து, சில ஆண்டுகளில் நின்றும் போயிற்று. கார் செய்ய உரிமம் வேண்டும் என்ற விதியை அரசு தளர்த்தியது 1993-இல். அப்போது நாயுடு மறைந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய கார் சந்தைக்கு வந்திருந்தால் வென்றிருக்குமா? அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பட்டறையில் ஒன்று செய்வது வேறு. ஒரே அளவில், ஒரே தரத்தில், பல்லாயிரம் செய்வது வேறு. ஐடேக்குப் பின்னால் வங்கிகளும் பேராசிரியரும் பயிற்சி பெற்ற பொறியாளர் படையும் நின்றார்கள். நாயுடு பெரும்பாலும் தனியாளாய் நின்றார். அதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் முயன்று தோற்பதற்குரிய வாய்ப்பும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதே நம் மனத்தை உறுத்துகின்றது.

வரிச்சுமையும் அவரை வாட்டிற்று. 1950களில் அவர் செய்த ஒரு செயல் தமிழ்நாட்டையே திடுக்கிடச் செய்தது. உழைக்க உழைக்க வரிதான் மிஞ்சுகின்றது என்று மனம் கசந்து, தாம் ஆக்கிய பொருள்களைப் பலர் முன்னிலையில் தம் கையாலேயே உடைத்து நொறுக்கினார். இச்செயல் சரிதானா என்று அன்றே நாடெங்கும் பேச்சு எழுந்தது. எம் கருத்தைக் கேட்டால், இதனை எம்மால் பாராட்ட முடியவில்லை. ஆக்கியவனுக்கு அழிக்கும் உரிமை உண்டு என்று வாதிடலாம். ஆயினும் ஒரு கருவிக்குள் அதைச் செய்தவரின் அறிவு மட்டும் இல்லை. வார்த்தவன், கடைந்தவன், கம்பி சுற்றியவன் ஆகியோரின் பகல்களும் இரவுகளும் அடங்கியுள்ளன. அதே வேளையில், பறிகூலிக்கும் விலை கட்டாத தக்காளியைக் கூடை கூடையாகச் சாலையில் கொட்டிவிட்டு நிற்கும் உழவரை நாம் கண்டிருக்கிறோம். அவரைப் பார்த்து, உணவை வீணாக்குகிறாயே என்று கடிந்துகொள்ள நமக்கு நா எழுவதில்லை. நாயுடுவையும் அந்த உழவர் பக்கத்தில் வைத்தே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது தொடக்கத்தில் கூறிய வினாவுக்கு வருவோம். 1945-ஆம் ஆண்டு, அப்போது சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப் என்பாரின் பெயரால் கோவையில் ஒரு பாலிடெக்னிக் தொடங்கப்பட்டது. தொடங்குவதற்கு முன்னின்றவர் நாயுடு. முதல்வராக அமர்ந்தவரும் அவரே. மூன்றாம் வகுப்போடு நின்றவர் தொழிற்கல்லூரியின் முதல்வர்! ஆர்தர் ஹோப் பெயரிலேயே பொறியியல் கல்லூரியும் உடன் எழுந்தது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று இன்று வழங்குவது அதன் வழிவந்ததே.

முதல்வரான நாயுடுவுக்கு முதல் நாளே பிணக்குத் தொடங்கிற்று எனலாம். நான்கு ஆண்டுகள் மாணவனை உட்கார வைப்பது காலத்தை வீணடிப்பதாகும், இரண்டே ஆண்டுகள் போதும் என்பது அவர் வாதம். விடுமுறைகளைக் குறைத்து, வகுப்பறையிலிருந்து பட்டறைக்கு மாணவனை இறக்கிவிட்டால், மற்றவன் நான்கு ஆண்டில் கற்பதை இவன் பாதிக் காலத்தில் கற்பான் என்று அவர் சொன்னார். அரசு இணங்கவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? இப்பத்தியை எழுத அமர்ந்தபோது நாயுடுவின் பக்கமே என்று எழுதிவிடலாம் போலிருந்தது. எண்ணிப் பார்க்குந்தோறும் அவ்வளவு எளிதாக இல்லை. ஒரு பாலத்தை வரைந்து கணக்கிடும் பொறியாளருக்கு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் போதாது. அருவியிலிருந்து எத்தனை மின்சாரம் வரும், மின்பொறியில் எத்தனை செலவாகும் என்று கணக்கிட ஐடேக்குப் பெர்லினில் பெற்ற கல்வி வேண்டியிருந்தது. அதற்கும் மேலே ஒரு பேராசிரியரும் வேண்டியிருந்தார். பொறுமையாகக் கற்க வேண்டிய கணிதம் உண்டு. அதைக் குறுக்கினால் பாலம் பழிவாங்கும். ஆனால் மோட்டாருக்குக் காயில் கட்டவும், கடைசல் எந்திரத்தில் உறுப்பு கடையவும், பம்பைக் கழற்றி அடைப்பு நீக்கவும் நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் கழிக்க வேண்டுமா என்று நாயுடு கேட்டால், அதற்கு அன்றைய அரசிடம் விடை இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு வகைக் கல்வியையும் ஒரே முழக்கோலால் அளந்ததுதான் இரு தரப்பாரின் தவறு போலும். நாயுடு தம் கோலால் எல்லாரையும் அளந்தார். அரசு தன் கோலால் எல்லாரையும் அளந்தது.

பின்னாளில் அவர் வாதத்தின் ஒரு பகுதிக்கேனும் இடம் கிடைத்தது எனலாம். தொழிற்பயிற்சி நிலையங்கள் ஊர்தோறும் பெருகி, ஓராண்டு ஈராண்டுப் பயிற்சிகள் வந்தன. 1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டு, ஆலையிலேயே உதவித்தொகை பெற்றுக்கொண்டு தொழில் பழகும் வழி திறந்தது. நாயுடுவின் பெயரால் கோவையில் நடக்கும் பயிற்சி நிலையமும் கைப்பழக்கத்துக்கே முதலிடம் தருவது.

பிற்பகுதி வாழ்வில் அவர் வேளாண்மையிலும் ஈடுபட்டு, பருத்தியிலும் பப்பாளியிலும் புதுவகைகளை வளர்த்துக் காட்டினார். சர் சி. வி. இராமன் போன்றோர் அவரை வியந்து பாராட்டினர். 1967-இல் காலையில் கடைக்கால் போட்டு, அதே நாள் மாலையில் குடிபுகும்படி ஒரு வீட்டையே கட்டி முடித்தார். 1974 சனவரி 4-ஆம் நாள் காலமானார். கோவை அவிநாசி சாலையிலுள்ள கண்காட்சியில் அவர் ஆக்கிய பொருள்களில் எஞ்சியவற்றை இன்றும் காணலாம்; பக்கத்திலேயே பழங்காலக் கார்களின் காட்சிச்சாலையும் உள்ளது. அதே அவிநாசி சாலையின் மேல், 10 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுடைய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டு, அவர் பெயர் சூட்டப்பட்டது. தம் காருக்குச் சாலை கிடைக்காமற்போனவரின் பெயரில் ஊரார் கார்களெல்லாம் ஓடுகின்றன.

கோலியனூர்ப் பக்கத்துக் குடும்பங்களின் பொருட்டு இன்னும் ஒரு செய்தி. பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளை பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் மூன்று ஆண்டுகள். ஈராண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவன் அங்கே இரண்டாம் ஆண்டிலேயே நேராகச் சேரலாம். பட்டயம் பெற்றவன் பொறியியல் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். ஆக, கையால் தொடங்கிக் கணிதத்திற்கு ஏறிச் செல்லும் படிகள் இன்று உள்ளன. பலருக்கு இது தெரியாமையால், தொழிற்பயிற்சியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அத்துடன் அவன் படிப்பு முடிந்தது என்று தாய்மார் கண் கலங்குகின்றனர்.

இவர்களினும் இரங்கத்தக்கவன் ஒருவன் உண்டு. சாலையோரத்துக் காயில் கட்டும் கடையில், பன்னிரண்டு ஆண்டுகளாக மேஸ்திரியின் பக்கத்தில் அமர்ந்து, எரிந்துபோன மோட்டாருக்கு உயிர் கொடுக்கும் இளைஞன் அவன். சுற்று வட்டார உழவர்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். வெளியூரில் வேலை கேட்டுப் போனால் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. அத்தகையவர்கள் தங்கள் அனுபவத்தைக் காட்டி, தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற வழி இருக்கின்றது. எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும், எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பன போன்ற விவரங்களை அருகிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த இளைஞன் நம் வாசகர் வீட்டுப் பிள்ளையாகவோ, அண்டை வீட்டுப் பிள்ளையாகவோ இருந்தால், இச்செய்தியை அவன் காதில் போட்டு வைக்கவும்.